எட்டு வீட்டுக்கும் ஒரே பூசணிக்காய்

நாகவேணியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்கு வாய் வராது.

பெங்களூரில் ஏரியைத் தூர்த்துப் போட்ட லேஅவுட்டில், பெயின்ட் வாடைகூடப் போகாத கட்டடம். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே நாலு மாடி, எட்டு வீடு. எட்டிலும் வாடகைக் குடித்தனம். நான் இரண்டாவது மாடி. நாகவேணி நாலாவது மாடி. கணவன் புட்டராஜு, பி.யூ.சி. படிக்கும் மகள் ஸ்பூர்த்தி. நாகவேணி சிட்டி பஸ் கண்டக்டர், பதினாறு வருடமாக நின்றே சம்பாதித்தவள். அதுவரை ஒழுகும் வீடுகளாகவே பார்த்தவளுக்கு, முதல் ஆளாகக் குடியேறக் கிடைத்த வீடு இது. யாரும் ஆணி அடிக்காத சுவர் என்று தடவித் தடவிப் பார்ப்பாள்.

ஒரே மாதத்தில் பயம் பிடித்தது. அடுப்படியில் நிற்கும்போது வலது கால் தானாக அழுத்தி ஊன்றுகிறது என்றாள். பஸ் வளைவில் திரும்பும்போது அப்படித்தான் ஊன்றுவாளாம்.

"பதினாறு வருஷமா ஆடுன காலு, தரை நின்னாலும் அது நிக்குமா?" என்றான் புட்டராஜு. "டிக்கெட் எடுத்தாச்சு. பேசாம உக்காரு."

படிக்கட்டில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் பயம் அவளோடு டூட்டிக்கும் போனது. மத்தியானம் மகள் வீட்டில் தனியாக இருப்பாள். பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றதும் நாகவேணி போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்பாள். அவள் உண்மையில் கேட்டது வீடு நிற்கிறதா என்று.

வீட்டு ஓனர் முனிவெங்கடப்பா எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஆள். மற்ற கட்டடங்களில் வாசலுக்கு வாசல் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். இவர் ஒரே ஒரு பெரிய காயை வாங்கி, மொட்டை மாடியில் படிக்கட்டை மூடிய கூரை உத்தரத்தில் கயிறு கட்டி, மாடிப்படிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகத் தரைவரைக்கும் தொங்கவிட்டிருந்தார். "எல்லா மாடியையும் தொட்டுக்கிட்டுதானே கயிறு வருது? எல்லாருக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

குடிவந்த அன்று அந்தக் காய்க்கும் படியின் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே நாகவேணியின் கை தாராளமாக நுழைந்தது. மூன்றாவது வாரம் நாலு விரல். அப்புறம் இரண்டு. பக்கத்து மனையில் அடித்தளத்துக்குக் குழி தோண்டினார்கள். அதில் மழைத்தண்ணீர் நிரம்பி நின்ற வாரம், காய் கம்பியில் சாய்ந்து, காயில் பூசிய குங்குமம் கம்பியில் ஒட்டியிருந்தது. டூட்டி முடிந்து வந்தவள் மேலே ஏற முடியாமல் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். நான் அப்போதுதான் வந்தேன்.

"அண்ணா, இது நகருது."

"காத்துக்கு ஆடியிருக்கும்மா."

"மூடுன படிக்கட்டுல ஏதுண்ணா காத்து?"

சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி ஏறிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முனிவெங்கடப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம்தான். "திருஷ்டிய இழுத்துக்கிட்டு நகருதும்மா. காய் வேலை செய்யுது! அமாவாசைக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு கட்டி பூஜை போட்டுரலாம்." நாங்களும் தலையாட்டினோம். எட்டுக் குடும்பத்துக்கும் கண் பட்டால் எவ்வளவு கனமான கண்ணாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

அமாவாசைக் காலையில் எல்லோரும் கீழே கூடினோம். நாகவேணி டூட்டிக்குப் போகும் காக்கிச் சட்டையில் ஓரமாக நின்றாள். புதுக் காயைக் கட்டினார்கள். அது ஒரு முறைகூட ஆடவில்லை. நேராகப் போய் அதே கம்பியில், அதே குங்குமத்தின் மேல் சாய்ந்து நின்றது.

"புதுக் காயும் அங்கேயே போகுதே" என்றாள். "கயிறு நேராத்தான் தொங்குது. சாயறது நாமதான்."

யாரும் அசையவில்லை. பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள் பாருங்கள், காது கிழிந்தது. "இறங்கு! எல்லாரும் இறங்கு! வண்டி போகாது!"

பஸ் பழக்கமோ என்னவோ, தட்டுத்தடுமாறித் தெருவுக்கு வந்துவிட்டோம். வந்தபின் வெட்கமாக இருந்தது. மூன்றாவது மாடி விமலாட்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பூஜை நேரத்துல இதென்ன அபசகுனம்? கருநாக்கு!" என்று கத்தினாள். அரை மணி நேரம் கட்டடம் அப்படியே நின்றது. பிரசாதம் ஆறுகிறதென்று சிலர் உள்ளே போனார்கள். ஸ்பூர்த்தியின் பரீட்சை ஹால் டிக்கெட் மேலே இருந்தது, எடுக்கப் போகிறேன் என்றாள். நாகவேணி மகளின் மணிக்கட்டை விடவே இல்லை.

"விடும்மா, வலிக்குது!"

"வலிக்கட்டும்."

"நான் எடுத்துட்டு வரேன், ரெண்டு பேரும் கத்தாதீங்க" என்று புட்டராஜு ஏறினான். அவள் தடுக்கப் பார்த்தாள். ஒரு கையில் மகள் இருந்தாள், மறு கையை அவன் உதறிவிட்டான்.

மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. பூட்டிய வீட்டை யார் தட்டுவது? அப்புறம் தடதடவென்று இறங்கும் சத்தம். வெளியே வந்த புட்டராஜு காலில் செருப்பில்லை.

"சாவி திரும்புது, கதவு தொறக்கல. ஏழு மணிக்கு நல்லாப் பூட்டுன கதவு. நிலை நசுங்கிக் கதவைக் கவ்விப் பிடிச்சுருக்கு." பிறகு அவனே உள்ளே ஓடி, பிரசாதத் தட்டோடு நின்றவர்களை அடித்துத் துரத்தாத குறையாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

பதினொன்றரைக்குக் கட்டடம் குழிப் பக்கம் சரிந்து, மடங்கி உட்கார்ந்தது. புழுதி அடங்கியதும் தலைகளை எண்ணினோம். முப்பத்தொரு பேர், எல்லோரும் இருந்தோம். நாகவேணி நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் உதறிக்கொண்டே இருந்தது. புட்டராஜு அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி அழுதான்.

"இவ சொன்னாளே, அதான் விழுந்துச்சு" என்று அப்போதும் விமலாட்சி முணுமுணுத்தாள்.

சாயங்காலம் எங்களை அரசுப் பள்ளியில் தங்கச் சொன்னார்கள். எல்லோரும் வாசலில், அக்கம்பக்கத்தார் கொடுத்த பாத்திரத்தோடும் பாயோடும் நின்றோம், முதல் ஆளாக யாரும் நுழையவில்லை. விமலாட்சி குழந்தையோடு மெதுவாக நாகவேணி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இந்தக் கட்டடம் நேரா நிக்குதா? நீங்க ஒரு தடவை உள்ள போய் நின்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம்தான் புள்ளைய விடுவேன்."

நாகவேணி படியில் வலது காலை வைத்தாள். அழுத்தி ஊன்றிப் பார்த்துவிட்டு, காலை எடுத்துக்கொண்டாள்.

"தெரியலம்மா. இப்ப எல்லாமே சாயற மாதிரிதான் இருக்கு எனக்கு."

எட்டுக் குடும்பமும் மைதானத்திலேயே பாய் விரித்தோம்.