தயிர்ச் சட்டியில் வடித்த கியர் ஒயில்

கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் எங்கள் மட்டக்களப்பு வாவி வற்றும். வற்றிய கரையில் கறுத்த சேறு வெயிலைப் பார்த்துக் கிடக்கும். அதிலிருந்து ஒரு மணம் எழும்பும், அழுகிய முட்டையும் பழைய இரும்பும் கலந்ததுபோல. பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் சைக்கிளை நிறுத்தி ஆழமாக இழுக்கிறேன். எனக்கு அது சேற்றின் மணமில்லை, கியர் ஒயிலின் மணம். என் தங்கையின் புருசன், என் மச்சான், காருக்கடியில் மல்லாந்து கிடந்து நட்டைத் திருக, கறுப்பாக, சூடாக, நூல்போல இறங்குமே, அந்த எண்ணெயின் மணம்.

அவனிடம் ஒரு சின்ன ஜப்பான் கார் இருந்தது. பின் சீற்றைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் குறுக்கி, பந்தயத்துக்கென்று அவனே இழைத்து இழைத்துச் செய்தது. ஆனால் அந்தச் சண்டைக் காலத்தில் அதை எங்கே ஓடுவது? ஆமிக்காரரின் காவல் சென்றிகளுக்கு முன்னால் உள்லைற்றைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஊர வேண்டும். விரைந்தால் சூடு விழும். பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கும், சாமான் வாங்க நகரத்துக்குமாக ஆரையம்பதி வீதியில் அந்தக் கார் அடக்க ஒடுக்கமாய் வாழ்ந்தது. என் தங்கை அதை 'ரேஸ் ஆமை' என்பாள்.

சுனாமியாய்க் கடல் வந்த காலையில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேல்மாடிக்கு ஓடினாள். காரைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு பெரிய வீதியைத் தாண்டி, வாவிப் பக்கத்துக் கண்டல் பற்றைக்குள் மூக்குக் குத்த நிறுத்தியது. ட்ராக்டர் கட்டி இழுத்து வந்தோம். கியர்பொக்ஸின் கீழ் நட்டைத் திறந்ததும் முதலில் உப்புத் தண்ணீர் வந்தது. பிறகு பாற்கோப்பி நிறத்தில் எண்ணெய். மேல் நட்டோ துருப்பிடித்து அசையவில்லை. அதைத் திறந்தால்தான் புது எண்ணெய் ஊற்றலாம். உள்ளே இருந்ததையும் வடித்துவிட்டு, ஊற்ற வழியுமில்லாமல் கிடந்தது கார். அன்றையிலிருந்து மச்சான் எப்போதும் மேல் நட்டைத்தான் முதலில் அசைத்துப் பார்ப்பான்.

மண்ணெண்ணெயால் எத்தனையோ முறை கழுவினான். ஆனாலும் உப்பு ஒரு பெயாரிங்கைக் கடித்துவிட்டிருந்தது. மூன்றாம் கியரில் வண்டு பறப்பதுபோல ஒரு முனகல்.

தங்கைக்கும் காதில் ஒரு முனகல் தங்கிவிட்டது. கடற்சத்தம் கேட்டால் நித்திரை இல்லை. மச்சானின் அக்கா இருந்த குளிர்நாட்டுக்கு அவளும் பிள்ளையும் போனார்கள். அவனுடைய விசாப் பத்திரம் பிந்தியது. சண்டை முடிந்தது, பாதைகள் திறந்தன, அதுவும் வந்தது. பிளேனுக்கு ரிக்கற் போட்ட அதே கிழமையில்தான் மலைநாட்டில் ஒரு காரோட்டப் போட்டி.

தங்கை போன் எடுத்தாள். "அண்ணா, அவர் அந்தக் காரோட மலைக்குப் போகப் போறாராம். வழியில அது படுத்தாப் பிளேனையும் விட்டுருவார். பிள்ளை கலண்டரில நாளைக் கீறிக்கொண்டிருக்கு."

"நானும் கூடப் போறன்கா."

"அப்ப ரெண்டு விசர்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேரத்துக்குக் கொண்டுவந்து விடுங்க. உங்களிட்டத்தான் கேக்கிறன்."

தடித்த எண்ணெய் ஊற்றினால் கடிபட்ட பெயாரிங் மெத்தையில் கிடப்பதுபோலக் கிடக்கும்; தூரம் போய் வரலாம். ஆனால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் அந்தத் தடிப்பில் வழுக்கிப் பிடிக்கச் சுணங்கும், இரண்டாம் கியர் சண்டை பிடிக்கும். மெல்லிய எண்ணெயில் இரண்டாம் கியர் வலை தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்கும். பெயாரிங்தான் போர்வை இல்லாமல் நிற்கும். வீதிக்கு ஒன்று, பந்தயத்துக்கு மற்றது. மச்சான் இரண்டையும் விட மனமில்லாமல் காத்தான்குடியில் ஸ்பெயார் பாட்ஸ் கடைக்கு முன்னால் நின்றான்.

"ஒரு கியர்பொக்ஸுக்குத்தானே கேக்கிறீங்க?" என்றார் கடைக்கார நானா.

"ஓம் நானா. போகக்குள்ள தடிச்சது, ஓடக்குள்ள மெல்லிசு, மறுகா வரக்குள்ள பழையபடி தடிச்சது."

"கலியாணப் பொண்ணும் இவ்வளவு தரம் உடுப்பு மாத்தாதே."

முதல் நாளே தடித்ததை ஊற்றி வைத்து, விடியப் புறப்பட்டோம். செங்கலடியால் கிறுகிப் பதுளை வீதியில் ஏறினோம். இந்தப் பக்கத்தால் தெற்கே போகிற எவரும் வெறுங்கையோடு போவதில்லை. கரடியனாற்றில் இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கி, பின் சீற் இருந்த இடத்தில் சாக்குக்குள் புதைத்து வைத்தோம். மலை ஏற ஏற மச்சான் கியரை மாற்றிய கையோடு தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே வந்தான். முனகல் இருந்தது, ஆனால் தலையணைக்குள் இருந்து வருவதுபோல.

போட்டித் திடலில் பக்கத்துக் கார்ச் சிங்களப் பெடியன்கள் தயிரில் ஊற்ற இனிப்புப் பாணி கொண்டுவந்தார்கள், நாங்கள் தயிர் கொடுத்தோம். சட்டி இரண்டும் வழித்துத் துடைத்தாயிற்று. குழாயடியில் கழுவினேன். அவன் காருக்கடியில் போனான். மேல் நட்டு, பிறகு கீழ் நட்டு. நேற்று ஊற்றிய புது எண்ணெயை ஏன் மண்ணில் விடுவது? சட்டியில் வடித்து வைப்போம். மெல்லிய எண்ணெயை ஊற்றியதும் காலியாகும் எண்ணெய்க் கானில் இதை நிரப்பி மூடுவோம். இதுதான் திட்டம்.

கொதிக்கக் கொதிக்க இறங்கியது எண்ணெய். அப்போதுதான் கழுவிய ஈரச் சட்டி, பச்சைத் தண்ணீரைக் குடித்துக் குளிர்ந்து கிடந்த மண். மச்சான் மெல்லியதை ஊற்றி மேல் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். நான் கூப்பிட்டு அவன் வெளியே ஊர்ந்து வருவதற்குள் தடித்த எண்ணெய் முழுதும் மலைமண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊராட்களைத் தவிர வேறு யார் கியர் ஒயிலைத் தயிர்ச் சட்டியில் வடிப்பார்கள்?

அவன் குந்தியிருந்து சட்டித் துண்டுகளைப் பார்த்தான். "மட்டக்களப்பான் எங்க போனாலும் சட்டியோடதான்," என்றான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. மெல்லிய எண்ணெயோடுதான் ஊர் திரும்ப வேண்டும். அதில் பந்தயமும் ஓடினால்?

"ஓடாமப் போவமா மச்சான்?" என்றேன். "அவளுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கன்."

 அவன் கழற்றிய கீழ் நட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்ததை ஒரு துணியில் துடைத்து எடுத்திருந்தான். அதை விரல்களுக்கிடையில் தேய்த்தான். சாம்பல் நிற இரும்புக் களி. "மா மாதிரித்தான் கிடக்கு. துண்டு ஒண்டும் இல்ல. பெயாரிங் இன்னும் உடையல்ல." பிறகு என்னைப் பார்த்தான். "ஒரே ஒருக்கா. மற்ற ஓட்டமெல்லாம் வேணாம். வரக்குள்ள மூண்டாம் கியரைத் தொடமாட்டன். சரியா?"

கம்பி வேலியோரம் போய் நின்று தங்கைக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். "ஒண்டும் பேசாத, கேள்," என்று போனை உயர்த்திப் பிடித்தேன். கொடி விழுந்தது. ஒன்று, இரண்டு. இரண்டாம் கியர் சண்டை பிடிக்கவில்லை. மூன்று, மேட்டுக்கு அப்பால் நாலு. எங்கள் ஊரில் அந்தக் கார் நாலாம் கியரில் தொண்டை திறந்து பாடியதை நான் கேட்டதே இல்லை. இத்தனை வருசமும் சென்றிகளுக்கு முன்னால் மூச்சை அடக்கியே வைத்திருந்தது. சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு போய், தேய்ந்து, திரும்பவும் வந்தது. போனைக் காதில் வைத்தேன்.

"தேனீ மாதிரிக் கிடக்கு," என்றாள் தங்கை. "அவரா?"

"ஓம். உன்ர ரேஸ் ஆமை."

அவள் அழுதாளா, சிரித்தாளா, அந்தத் தூரத்தில் பிரிக்க முடியவில்லை. "கார் இன்னும் படுக்கல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

எத்தனையாவதாக வந்தான் என்று நாங்கள் நின்று கேட்கவில்லை. காரை நிறுத்திய பிறகும் அவன் ஸ்டியரிங்கை விடாமல் கொஞ்ச நேரம் இருந்தான். குழந்தையைத் தூங்கவைத்தவன் கையை எடுக்கத் தயங்குவதுபோல. கேட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினான்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெல்ல இறங்கினோம். இரண்டிலிருந்து நேரே நாலுக்கு, நாலிலிருந்து இரண்டுக்கு. மூன்றைத் தொடாமலே பிபிலைச் சரிவுகளில் பெயாரிங் ஊளையிட்டது. பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்து அடித்து முந்திப் போயின.  அந்த வீதி இன்னும் நீளமாய் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகாஓயாவுக்குப் பிறகு நிலம் தட்டையாயிற்று, ஊளையும் தணிந்தது. கரடியனாறு தாண்டி ஆளில்லாத ஒரு பழைய சென்றி. மச்சான் வேகத்தைக் குறைத்தான், உள்லைற்றைப் போட்டான். கடந்ததும் அணைத்தான்.  செங்கலடியில் வாவிக்காற்று உள்ளே வந்தது.

"வந்திட்டம்," என்றான்.

அடுத்த நாள் அவனை எயார்போட்டுக்கு ஏற்றிப்போக வான் வந்தது. தடித்த எண்ணெயை அவனே ஊற்றிவிட்டுப் போக நினைத்தான். நேரம் விடவில்லை. அதுவரை எனக்குத் தெரிந்த வேலை டோர்ச் பிடிப்பது மட்டும்தான். புது எண்ணெய்க் கானை முன் சீற்றில் வைத்துச் சாவியை என் கையில் தந்தான். வானில் ஏறி, கதவை இழுத்து, பிறகு கண்ணாடியை இறக்கினான்.

"ஊத்திப்போட்டுச் சொல்றன்," என்றேன்.

"போயித்து வாறன்," என்றான். "மேல் நட்டு முதல், மச்சான்."