ஹூஸ்டன் பார்த்த தலையாட்டல்

சாட்சியை அழைத்த வக்கீல், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. மெட்ராஸில் சட்டம் படித்தபோது இதை எங்களை நெட்டுருப் போட வைத்தார்கள். கேள்வியில் பதில் இருக்கக் கூடாது, சரி. சாட்சியின் கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எண்பதுகளில் ஒரு கோடை முழுவதும், ஷார்ஜா தொழில்பேட்டையில் என் அலுவலக அறையில், ஒரு மனிதரின் கழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

நான் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியின் பர்சனல் மேனேஜர். விசா, லீவு, சாவு எல்லாவற்றுக்கும் என்னிடம் படிவம் உண்டு. எங்கள் யார்டில் ஓர் அமெரிக்கக் கிரேன் தூக்கிய இரும்பு உத்திரம் சரசரவென்று இறங்கி, கீழே கொக்கி மாட்ட நின்றவர் மேல் விழுந்தது. அவர் அங்கேயே இறந்தார். கிரேன் ஓட்டியவரும் அவரும் இலங்கை மலையகத்தில் ஒரே தேயிலைத் தோட்டம். கேம்பிலும் ஒரே ரூம். இறந்தவரின் மனைவிக்காக, கிரேன் செய்த கம்பெனி மேல் ஹூஸ்டனில் வழக்குப் போட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பது எங்கள் பக்கம். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, ஓட்டியவர்தான் கையைத் தளர்த்திவிட்டார் என்பது அவர்கள் பக்கம்.

"தோட்டத்துக்குப் போனா அவ வீடு எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல சேர்," என்றார் ஓட்டியவர். "என் கை இல்லேன்னு நான் சொன்னா நம்புவாளா? வேற யாராச்சும் சொல்லணும்."

அவருக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. ஆகவே சாட்சியத்தை வீடியோவில் எடுத்துக்கொண்டு போக ஹூஸ்டன் வக்கீல் வந்தார். கூடவே ஒரு பெண்மணி. ஜூனியர் என்று நினைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னேன். அவர் வக்கீலே இல்லை, மனோதத்துவம் படித்தவர். தீர்ப்புச் சொல்லப்போகும் பன்னிரண்டு பொதுமக்கள் இந்த வழக்கை எந்தக் காதால் கேட்பார்கள் என்று வக்கீலுக்கு முன்கூட்டியே சொல்வது அவர் தொழிலாம். நான் படித்தபோதே எங்கள் நாட்டில் ஜூரி செத்துப்போன அத்தியாயம். அதற்கு இப்படி ஒரு ஜோசியம் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒத்திகைக்காக ஓட்டியவரை ஒருமுறை பேச வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் கேசட்டைப் பெண்மணி ஹூஸ்டனுக்குக் கொண்டுபோய், கூலி கொடுத்துக் கூட்டிவந்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு ஹோட்டல் அறையில் போட்டுக் காட்டி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். முக்கால்வாசிப் பேர் ஆள் பொய் சொல்கிறான் என்றார்களாம். 'பிரேக்கைப் பிடித்தீர்களா?' என்றதற்கு வாய் ஆமாம் என்றது. தலை இடமும் வலமுமாக ஆடியது. நண்பர் இறந்ததைச் சொன்னபோது முகம் சிரித்தது. கண் தரையைவிட்டு எழவேயில்லை.

"எங்கள் பக்கம் பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசினால்தான் திமிர் என்பார்கள்," என்றேன். பெண்மணி அதையும் எழுதிக்கொண்டார். நான் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சியை நான் ஏற்றேன். சுவரில் பிடரியை ஒட்டி உட்கார வைத்து, ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில் என்று தினமும் ஒரு மணி நேரம்.

"இப்ப சரியா வந்திருக்கு. புரியுதா?"

"புரியுது சேர். ஆனா நீங்களே ஆட்டுறீங்களே."

ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது கேசட் போனது. இந்த முறை ஹூஸ்டன்காரர்கள் சொன்னது: மனப்பாடம் செய்த ஆள், செத்தவனைப் பற்றிக் கவலையே இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டியவர் மட்டும், "அப்ப அவங்களுக்குக் கை தெரியல சேர், தலைதான் தெரியுது," என்றார்.

பெண்மணி தன் யோசனையை மாற்றினார். தலை ஆடட்டும். ஆனால் அது ஏன் ஆடுகிறது என்பதை ஜூரிக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரேக்கைப் பரிசோதித்த இன்ஜினியர் முதலில் பேச வேண்டும், இவர் பிறகு. ஜூரியைப் பொறுக்கும்போது, வெளிநாட்டாரோடு வேலை செய்தவர் யார், கனரக யந்திரத்தைத் தொட்டவர் யார் என்று கேட்க வேண்டும். வக்கீல் நேரம் வீண் என்றார். "புரியாததை அவர்கள் பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்," என்று பெண்மணி முடித்துவிட்டார்.

படப்பிடிப்பு அன்று எதிர்த்தரப்பு வக்கீலும் வந்திருந்தார். கம்பெனி ஆளான நானே மொழிபெயர்ப்பது முறையே அல்ல. இரு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எங்கள் வக்கீலின் முதல் கேள்வி: உங்கள் ஊரில் ஆமாம் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஓட்டியவர் ஆட்டிக் காட்டினார். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அடுத்தது: நண்பர் இறந்ததைச் சொல்லும்போது ஏன் சிரிக்கிறீர்கள்?

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கேமராவைக் காட்டினேன்.

"அழுதா நிப்பாட்ட முடியாது சேர். பேசி முடிக்கணுமே. அதான்."

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

பிறகு ஒன்றுமில்லை. விசாரணை முடிந்துவிட்டதாகக் காதில் விழுந்தது, முடிவு விழவில்லை. சாட்சிக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று உலகில் எங்கும் விதி கிடையாது. டெலக்ஸ் மேல் டெலக்ஸ் அனுப்பினேன். ஓட்டியவரைக் கிரேன் பக்கம் விடாமல் ஸ்டோரில் போட்டிருந்தோம். விசாவுக்குப் பொறுப்பான அரபு முதலாளி, கஃபீலின் ஆள் வந்து, "வேலை இல்லாதவனுக்கு விசா எதற்கு? கேன்சல் பண்ணு, கலாஸ், முடிந்தது," என்பான். ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினேன். என் உத்தியோகத்திலேயே படிவங்கள் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

காலையில் அலுவலகம் நுழைந்ததும் டெலக்ஸ் அறைக்குப் போவேன். அங்கிருந்த மலையாளி தலை நிமிராமலே, "மாஃபி, சாரே," என்று கையை விரிப்பார். டீ நேரத்தில் ஓட்டியவர் வாசலில் வந்து நிற்பார்.

"வந்துச்சா சேர்?"

"வரலை."

நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் நானே யார்டைச் சுற்றிவிட்டு வருவேன். அந்தக் கிரேன் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

ஒருநாள் மலையாளி காகிதத்தோடு என் அறைக்கே வந்தார். ஸ்டோரிலிருந்து ஓட்டியவரைக் கூப்பிட்டேன். பிரேக்தான் பழுது, ஓட்டியவர் மேல் தவறில்லை, பன்னிரண்டு பேரும் ஒருமனதாக. வாசித்துவிட்டு, புரிந்ததா என்றேன்.

தலை ஆடியது. முகம் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, நெடுநேரம் நிறுத்த முடியாமல் அழுதார். கதவைச் சாத்திவிட்டு நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"அவளுக்கு ஒரு தந்தி அடிச்சிருங்க சேர்," என்றார் கடைசியில். "அந்தப் பன்னிரண்டு பேரும் சொன்னதை மட்டும்."

ஊரெல்லாம் பிறை தேடிக்கொண்டிருந்த நாள் அது. ரமலானுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை.