கொய்யாவைச் சேர்க்காத கணக்கு

ஆயக்குடியில் இருந்த எங்கள் அரை ஏக்கர் கொய்யாத் தோப்பை விற்றுப் பணம் கைக்கு வந்த வாரம், திண்டுக்கல் தெருக்களில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன். ஆறு லட்சத்துக்கு வாங்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதினெட்டு லட்சம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். வாழ்நாளில் எனக்குச் சரியாக வந்த ஒரே கணக்கு இதுதான் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி சாப்பிட வந்தாள். மனைவியின் தங்கை; கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுப்பவள். இலையில் சோறு விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"இருநூறு சதவீதம் லாபம். பன்னெண்டால வகுத்தா வருஷத்துக்குப் பதினாறரைக்கு மேல. எந்த பேங்க்ல குடுப்பாங்க?"

"அப்படி வகுக்கக் கூடாதுங்க மாமா. ஒரு வருஷம் கூடுனது மேலயும் அடுத்த வருஷம் கூடும்ல. அப்படிப் பாத்தா ஒம்பதரைதான் வருது." கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்.

முதல் கவளம் இறங்குவதற்குள் ஏழு சதவீதம் போய்விட்டது. அவள் விடவில்லை.

"பத்திரச் செலவு, கம்பி வேலி, போர் போட்டது எல்லாம் அந்த ஆறு லட்சத்துலயே அடங்கிருச்சுங்களா?"

"அது ஒரு ரெண்டு லட்சம் ஆச்சு. வாங்குன புதுசுல போனது. அதப் போயி இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு?"

"அப்ப நீங்க போட்டது எட்டு." மறுபடியும் தட்டினாள். "வருஷத்துக்கு ஏழுங்க மாமா. டெபாசிட்ல போட்டிருந்தாலே கிட்டத்தட்ட இம்புட்டு வந்திருக்கும்."

தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன். பன்னிரண்டு வருஷம் பழனி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தது, வேலியில் வேட்டி கிழிந்தது எல்லாம் நினைவுக்கு வந்தன.

அப்போது ரசத்தோடு வந்த மனைவி கேட்டாள். "ஏனுங்க, கொய்யாவ எதுல சேத்தீங்க?"

"எந்தக் கொய்யா?"

"மரத்துல காச்சதுங்க."

மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர் தண்ணீர் பாய்ச்சி, சீசனுக்கு ஒரு கூடை பழம் கொடுப்பார். அதுதான் ஏற்பாடு என்று இருந்தேன். அவர் வருஷா வருஷம் மனைவியின் கையில் நாற்பதாயிரம் கொடுத்துவந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மக காலேஜ் பீஸு, வீட்டுக்கு வெள்ளையடிச்சது எல்லாம் உங்க சம்பளத்துலயே நடந்துச்சுன்னா நெனச்சீங்க?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். என் சிக்கனத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்ததும் உண்டு.

மச்சினி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வருஷா வருஷம் வந்ததையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "பத்தரைக்கு மேல வருதுங்க மாமா. நல்ல வருமானந்தான்." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "விலை ஏறுனது மாமாவால. மிச்சம் உன்னால."

எனக்கு ஒரே சமயத்தில் நிம்மதியாகவும் வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

மறுநாள் பதினெட்டு லட்சத்தை எங்கே போடுவது என்று அக்காளும் தங்கையும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. படிவத்தில் மனைவியின் பெயர் முதலில் இருந்தது, என் பெயர் இரண்டாவது. அவள் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.