பெயர்த்துணி

ராமநாதபுரத்தில் எம்பிராய்டரிக்கு டிசைன் அச்செடுத்துத் தரும் அந்தப் பெண்ணுக்கு விரல் நுனியெல்லாம் நீலம். ஊசியால் ஓட்டை குத்திய டிரேசிங் பேப்பரைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

குறைமாதத்தில் பிறந்த என் தங்கை மகள் அப்போது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவளுக்காக நான் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையின் மூலையில் வைக்க ஒரு பெயர்த்துணி வேண்டியிருந்தது.

"பேரு என்னக்கா?"

"இன்னும் வைக்கல. 'பாப்பா'ன்னு போடுங்க. டாக்டரு எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேங்குறாரு."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோடதான இருக்கு? இங்கன உக்காந்து பேரைக் கேட்டுச் சொல்லுங்க. எடுத்துத் தாரேன்."

எரிச்சலோடு தங்கைக்குப் போன் செய்து பெயரைக் கேட்டேன். அழுதுகொண்டே, "யாழினி" என்றாள்.

அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாக ஓட்டை குத்தி நீலத்தைத் தேய்த்தார். தாளைத் தூக்கியபோது பெயர் துணியில் கலையாமல் நின்றது.

யாழினி பிழைத்துவிட்டாள், இப்போது நடக்கிறாள். பிழைக்காமல் போயிருந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என் தங்கை என்ன செய்திருப்பாள்? அதையும் யோசித்துத்தான் அந்தப் பெண் பெயரைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.