நாற்பதுக்கு மேல் ‘பதிவு இல்லை’

கள்ளக்குறிச்சியில ஒரு தனியார் மகளிர் விடுதி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். இடம் கேட்டு மனு போட்ட பொண்ணுங்களோட அம்மா அப்பா நேர்ல வருவாங்க. நான் மனுவைத் திரையில திறந்து ‘உறுதி’ அமுக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனா பேரைப் போட்டுத் தேட வழியே கிடையாது. ‘முந்தைய’, ‘அடுத்து’, ‘கடைசி’ன்னு மூணு பட்டன். முதல் மனுவுலேருந்து அடுத்து, அடுத்துன்னு அமுக்கிக்கினே போகணும். இதைச் செஞ்ச புண்ணியவான் எங்க மேனேஜரோட மச்சான். குறை சொன்னா, “உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?”ம்பார் மேனேஜர்.

நாற்பதாவது மனுவுக்கு அப்புறம் ‘பதிவு இல்லை’ன்னு வரும். உலகம் அதோட முடிஞ்சுதுன்னு நானும் நம்பிட்டேன். நாற்பதுக்குள்ள பேர் இல்லாதவங்களை, “உங்க மனு வரலைங்க”ன்னு அனுப்பிக்கினு இருந்தேன்.

கடைசி நாள், கல்வராயன் மலையிலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. மகளுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. விடுதி இல்லன்னா தினம் மலை இறங்கி ஏறிப் படிக்க முடியாது. அஞ்சு மணிக்குள்ள உறுதி ஆகலைன்னா விடுதி இடம் வேற பொண்ணுக்குப் பூடும். நாற்பது வரைக்கும் பார்த்துட்டு, “இல்லம்மா”ன்னேன்.

“இன்னாக்கா இப்டி சொல்றீங்க? ஊரே ஒரு ஜீப்புல வந்து வரிசையா நின்னு எழுதிக் குடுத்தோம். எனக்கு முன்னாடி நின்னவங்க, பொண்ணுக்குக் கல்யாணம்னு மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. நடுவுல ஒருத்தர் வூட்டுக்குப் போய்ட்டா, பின்னாடி நிக்கிறவங்களும் இல்லன்னு ஆயிடுமா?”

எனக்குச் சுருக்குன்னுது. நாற்பத்தொண்ணை அழிச்சிருக்காங்க. மச்சானோட பட்டன் நாற்பத்தொண்ணைத் தேடிப் பார்த்துட்டு, ஆள் இல்லன்னதும் கடையைச் சாத்திடுது! அதுவரைக்கும் தொடாத ‘கடைசி’யை அமுக்கினேன். அறுபத்தி மூணு. அடப்பாவி! அங்கேருந்து ‘முந்தைய’, ‘முந்தைய’ன்னு பின்னாலயே வந்தா, நாற்பத்திரண்டுல அவங்க மக போட்டோவுல முறைச்சுக்கினு இருக்கா. ‘உறுதி’ அமுக்கினப்போ மணி நாலே முக்கால்.

“நல்லா இருப்பீங்கக்கா”ன்னுட்டு அந்தம்மா பஸ்ஸுக்கு ஓடினாங்க.

மேனேஜர்கிட்ட சொன்னேன். “அப்போ இனிமே யாரையும் வாபஸ் வாங்க விடாத”ன்னார். மச்சானைத் தப்பு சொல்ல மனுஷனுக்கு வாய் வரல.

நான் திருப்பி அனுப்பினவங்க பொண்ணுங்க எல்லாரும் திரையில வரிசையா இருக்காங்களே! முதல்ல கண்ணுல பட்ட நம்பருக்குப் போன் போட்டேன். பொண்ணோட அப்பா எடுத்தார்.

“அது நேத்தே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் பூடுச்சுங்க. நாங்கதான் மனுவைத் தப்பா எழுதிட்டோம் போல. உங்களுக்கு வேற செரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்கோங்க”ன்னார்.