பொழுது சாய்வதற்கு முன்

நாங்கள் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். தாயில்லாத என் மகள் பத்தாவது படிக்கிறாள். டியூஷன் முடிந்து இருட்டித்தான் வருவாள். "பொழுது போயிடுச்சு நைனா, சோறு வேணாம்" என்பாள். இந்த வயதில் இவ்வளவு கட்டுப்பாடா என்று எனக்குப் பெருமை.

போன ஆவணியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கால் லேசாக மடங்கியது. அதற்கே எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைத் தனியாக விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மாதவிலக்கு நின்னு பல மாசம் ஆவுது. எலும்பு பலப்படுற வயசுல உடம்புல சத்தே இல்ல. ஒழுங்கா சாப்பிடறாளா?"

கூச்சத்தில் நான் தலை நிமிரவில்லை. "ராத்திரி சாப்பிட மாட்டோங்க, எங்க வழக்கம்."

"சரிங்க. பகல்ல சாப்பிடறாளா?"

எனக்குத் தெரியவில்லை. விடியுமுன்னே நான் வயலுக்குப் போய்விடுவேன். மகளைப் பார்த்தேன்.

"குண்டுன்னு கிண்டல் பண்றாங்க நைனா" என்று அழுதாள். மதியச் சோற்றைத் தினமும் நாய்க்குப் போட்டிருக்கிறாள்.

வாங்கி வந்த இட்லியை அவள் தொடவில்லை. "பொழுது போயிடுச்சு" என்றாள். வெளியே தெருவிளக்கு எரிந்தது. ஒரு துண்டைப் பிட்டு என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"நைனா! இன்னா பண்ற?"

"பாவம் எனக்கு வரட்டும். நீ சாப்டு."

அவளும் ஒரு துண்டு எடுத்தாள்.

வைத்தியம் இன்னும் நடக்கிறது. சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். அன்று வழக்கத்தை மீறியதற்கு எனக்கு வருத்தமில்லை. அவள் "பொழுது போயிடுச்சு" என்று சொன்னபோதெல்லாம் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் பெருமைப்பட்டேனே, அதுதான் உறுத்துகிறது.