அத்தை அடித்த கல்யாண அட்டை

கொச்சி காக்கநாட்டு ஃபிளாட்டில் என் மகள் தோழிக்குப் பிறந்தநாள் அட்டை செய்துகொண்டிருந்தாள். முத்திரை குத்தி, ஈர மையில் பொடி தூவி, சூடான காற்று ஊதும் கருவியை அதன்மேல் காட்டினாள். பொடி உருகியதும் குங்கிலியம் போன்ற வாசனை வந்தது. எனக்கு நான் வளர்ந்த மட்டாஞ்சேரி வீடு ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், அப்பாவின் தங்கை அலமேலு அத்தை அங்கே கல்யாண அட்டைகள் செய்து விற்றாள். ரப்பர் எழுத்துகளைக் கோத்துக் குத்தி, தங்கநிறப் பொடியைத் தூவி, கரண்ட் அடுப்புக்கு மேலே பிடிப்பாள். மங்கலாயிருந்த பொடி சட்டென்று பளபளத்துப் புடைக்கும். காலையில் அப்பா காபி டம்ளரோடு வந்து, எழுத்துகளைத் தடவிப் பார்த்து, "நன்னா வந்திருக்கு" என்பார்.

ஒருநாள் அப்படித் தடவிய அப்பாவின் விரல் நின்றுவிட்டது. மணப்பெண் அலமேலு என்றிருந்தது. மணமகன், அத்தைக்கு அட்டைக் காகிதம் தரும் கொச்சங்காடிக் கடைக்காரர், கிறிஸ்தவரான வர்கீஸ் சேட்டன்.

அத்தை அடுப்பை அணைத்தாள். "வாயால சொல்ல தைரியம் வரலை, அண்ணா. வேண்டாம்னா இப்பவே கிழிச்சுடுங்கோ."

அப்பாவின் கையிலேயே காபி ஆறிப்போனது. அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அப்பா அட்டையை அத்தையிடமே நீட்டினார்.

"இது சரியில்லை. அழைக்கறவா பேரே இல்லையே? அண்ணன்னு என் பேரைப் போட்டு வேற அடி."

உறவுக்காரர்களில் பலர் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா வாசலில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகூப்பி வரவேற்றார்.